உங்கள் மாவட்டத்தில் மழை உண்மையிலேயே குறைந்துவிட்டதா? நீண்ட காலக் கணக்கைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதே சுமார் 65 செ.மீ.தான். ஆண்டுக் கணக்கில் அது அபரிமிதமான மழை வருஷம். தாமிரபரணிக் கரையில் வீட்டையும் வயலையும் வெள்ளத்துக்குக் கொடுத்தவர்களைக் கேட்டால் அந்த வருஷத்துக்கு வேறு பெயர் சொல்வார்கள்.

"முன்னெல்லாம் நல்லா மழை பெய்யும், இப்போ குறைஞ்சு போச்சு" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதும், "ஆண்டு மழையில் பெரிய மாற்றம் இல்லை" என்று புள்ளிவிவரம் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இரண்டையும் பொருத்திப் பார்க்க ஆண்டு மொத்தம் என்ற ஒற்றை எண் போதாது. என்னென்ன எண்கள் வேண்டும், எங்கே கிடைக்கும், அவற்றில் எங்கெல்லாம் ஏமாறக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். எக்செல் தெரிந்தால் போதும், பாதிக்கு மேல் நீங்களே செய்துவிடலாம்.

படி 1: யாருக்காகக் கேட்கிறோம் என்று முதலில் தீர்மானியுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகத் தரவிறக்கத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் விடை இங்கேதான் மாறுகிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசலில் மானாவாரியாக உளுந்து, கம்பு, மக்காச்சோளம் போடுகிறவருக்கு மழை விட்டு விட்டுப் பெய்ய வேண்டும். இடைவெளி விட்டுப் பத்து நாள், நாளுக்கு 10 மி.மீ. வீதம் பெய்தால் பயிர் நிற்கும். அதே 100 மி.மீ. ஒரே நாளில் கொட்டிவிட்டு இருபது நாள் காய்ந்தால் விளைச்சல் போய்விடும். கண்மாய்ப் பாசனக்காரருக்கோ சாரல் மழையால் பயன் குறைவு. தண்ணீர் ஓடி வந்து கண்மாய் பெருக வேண்டுமானால் ஒன்றிரண்டு பெருமழை வேண்டும். ஆகவே ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒருவருக்கு மழை "போதவில்லை", இன்னொருவருக்கு "நிறைந்துவிட்டது". ஆண்டு மொத்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் கேள்வியை இப்படி எழுதி வையுங்கள்: எந்த இடம், எந்தப் பருவம், எத்தனை ஆண்டுகள், எந்தப் பயன்பாட்டுக்காக. "தமிழ்நாட்டில் மழை குறைந்துவிட்டதா?" என்பது விடை சொல்ல முடியாத கேள்வி. "ராமநாதபுரத்தில் புரட்டாசிப் பட்டத்துக்கான முதல் மழை 1960களைவிடத் தள்ளிப்போகிறதா?" என்பது விடை காணக்கூடிய கேள்வி.

படி 2: பருவங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: குளிர்காலம் (ஜனவரி, பிப்ரவரி), கோடை (மார்ச் முதல் மே), தென்மேற்குப் பருவம் (ஜூன் முதல் செப்டம்பர்), வடகிழக்குப் பருவம் (அக்டோபர் முதல் டிசம்பர்). தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 920 மி.மீ. அளவில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி, அதாவது 440 மி.மீ. சொச்சம், ஐப்பசி அடைமழையும் கார்த்திகைக் கனமழையும் கொண்டுவருவது. மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குப் பருவத்தில். மீதி கோடை மழையும் தை, மாசியில் விழும் கொஞ்சமும்.

நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைதான் வாழ்வாதாரம். அப்போது மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குக் காற்றை மறைத்து நிற்கிறது. ஆகவே "இந்தியாவில் பருவமழை குறைந்தது" என்ற செய்தியைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நீலகிரி, வால்பாறை, செங்கோட்டை, குமரி போன்ற இடங்களுக்கு தென்மேற்குப் பருவம் மிக முக்கியம். மாவட்டம் ஒன்றே என்றாலும் உள்ளே இரண்டு மழை உலகங்கள் இருக்கும். கோயம்புத்தூர் நகரம் மழை மறைவுப் பகுதி. அதே மாவட்டத்தின் சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இரண்டையும் சேர்த்து வரும் மாவட்டச் சராசரி அங்கே வாழும் யாருடைய மழையும் அல்ல.

ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்தால், வடகிழக்குப் பருவத்தின் வால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்த மழை, உண்மையில் முந்தைய பருவத்தின் தொடர்ச்சி. பாசனத்துக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டுதான் பொருத்தமானது. வருவாய்த் துறைக் கணக்குகளும் அப்படித்தான் இருக்கின்றன. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தரவைச் சேகரியுங்கள்

நமக்கு வாய்த்திருப்பது உலகிலேயே நீளமான மழைப் பதிவுகளில் ஒன்று. சென்னையில் வானாய்வுக் கூடம் 1792-இல் அமைந்தது. நுங்கம்பாக்கத்து மழைக் கணக்கு 1813 முதல் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு இந்த வழிகள் உண்டு:

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புணே அலுவலகம், நாட்டைக் கால் பாகை (சுமார் 27 கி.மீ.) அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் நாள்வாரி மழையை இலவசமாகத் தருகிறது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு அதைப் படிக்க 'ஐஎம்டிலிப்' என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 306 மழைமானி நிலையங்களைக் கொண்டு 1871 முதல் மாதவாரித் தொடரை உருவாக்கியிருக்கிறது. மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் வானிலை உட்கோட்ட வாரியாக 1901 முதலான கணக்கு கிடைக்கும். இதில் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் ஒரே உட்கோட்டம். செயற்கைக்கோளையும் மழைமானியையும் கலந்து உருவாக்கிய 'சர்ப்ஸ்' தரவு 1981 முதல் இருக்கிறது. கட்டங்கள் சிறியவை, ஆனால் காலம் குறைவு.

நிலையத் தரவு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கட்டத் தரவு வசதியானது, ஆனால் சுற்றியுள்ள மழைமானிகளிலிருந்து கணித்து நிரப்பியது. மலையடிவாரத்தில், நாலு கிலோமீட்டருக்குள் மழை பாதியாகும் இடத்தில், அது அந்த வித்தியாசத்தை மழுங்கடித்துக் காட்டிவிடும்.

குறைந்தது 30 ஆண்டு வேண்டும். 50, 60 ஆண்டு இருந்தால்தான் நம்பிக்கையோடு பேசலாம்.

படி 4: தரவைத் துப்புரவு செய்யுங்கள்

பாதி நேரம் இங்கேதான் போகும், போகத்தான் வேண்டும். பார்க்க வேண்டியவை:

அலகு. பழைய பதிவுகள் அங்குலத்திலும், அதை நூறாகப் பிரித்த சென்ட்டிலும் இருக்கும். 7.35 என்று இருந்தால் அது 7.35 மி.மீ. அல்ல, 187 மி.மீ. மெட்ரிக் முறைக்கு மாறிய 1950களின் கடைசியில் தொடர் திடீரென்று எகிறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வெற்றிடமும் பூஜ்யமும். மழை பெய்யாத நாளுக்கு 0, பதிவு செய்யாத நாளுக்கு வெற்றிடம் அல்லது -999. இரண்டையும் ஒன்றாக்கினால், பதிவு விட்டுப்போன ஆண்டெல்லாம் வறட்சி ஆண்டாகிவிடும். "மழை குறைந்துவிட்டது" என்ற முடிவுகளில் சில இப்படிப் பிறந்தவை. ஒரு மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் விடுபட்டிருந்தால் அந்த மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். நவம்பரில் ஒரு நாள் விடுபட்டாலும் அக்கம்பக்கத்து நிலையத்தில் அன்று என்ன பெய்தது என்று பாருங்கள். பெருமழை நாளில்தான் மழைமானி மூழ்குவதும், அளக்கப் போக முடியாமல் போவதும் நடக்கும்.

தேதி. இந்தியாவில் காலை 8.30 மணிக்கு அளந்து, அன்றைய தேதியில் பதிவு செய்வார்கள். 2015 டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் சென்னையை மூழ்கடித்த மழை, பதிவேட்டில் டிசம்பர் 2 அன்று இருக்கும். தாம்பரத்தில் அன்று 49 செ.மீ. இது தெரியாமல் செய்தித்தாளோடு ஒப்பிட்டால் தரவு தப்பு என்று தோன்றும்.

எல்லை. மாவட்டங்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. 2019-இல் தென்காசி பிரிந்தபோது குற்றாலம், செங்கோட்டை ஆகிய தென்மேற்குப் பருவ மழைப் பகுதிகள் திருநெல்வேலியை விட்டுப் போயின. பழைய திருநெல்வேலி சராசரியையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்தால், வானத்தில் எதுவும் நடக்காமலேயே தென்மேற்குப் பருவ மழை குறைந்ததாகத் தெரியும். ஆகவே மாவட்டப் பெயரை நம்பாமல், இன்றைய எல்லைக்குள் இருக்கும் நிலையங்களை மட்டும் எடுத்து, தொடக்கம் முதல் நீங்களே சராசரி போடுங்கள்.

இடமாற்றம். மழைமானி தாலுகா ஆபீஸ் வளாகத்திலிருந்து வேறு கட்டடத்துக்குப் போயிருக்கலாம், பக்கத்தில் மரம் வளர்ந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: உங்கள் நிலையத்தின் ஆண்டு மழையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். சுற்றியுள்ள நாலைந்து நிலையங்களின் சராசரியையும் அப்படியே கூட்டுங்கள். ஒன்றை எதிர்த்து மற்றொன்றை வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் கோடு மடிந்து, அதன் பிறகு வேறு சாய்வில் போனால், மாறியது மழை அல்ல, மழைமானிதான் என்று கொள்ளலாம்.

படி 5: வரைந்து பாருங்கள், ஆனால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள்

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கம்பப் படம் வரையுங்கள். அதன் மேல் 11 ஆண்டு நகரும் சராசரியை (ஒவ்வோர் ஆண்டுக்கும் அதையும் முன்பின் ஐந்தைந்து ஆண்டுகளையும் சேர்த்த சராசரி) ஒரு கோடாகப் போடுங்கள். முதலில் கண்ணில் படுவது ஏற்ற இறக்கம்தான். 2015-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட (நீண்ட காலச் சராசரியைவிட) 53% அதிகம். அடுத்த ஆண்டே, 2016-இல், 62% குறைவு. அவ்வளவு மோசமான பருவத்தைத் தேட வேண்டுமானால் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876 வரை பின்னால் போக வேண்டும். 2005-இல் இயல்பைவிட 79% அதிகம். ஆக, 2005-இல் தொடங்கி 2016-இல் முடிக்கும் படம் மழை சரிந்ததாகக் காட்டும். 2016-இல் தொடங்கி 2021-இல் முடித்தால் பொங்கி எழுந்ததாகக் காட்டும். யாராவது இப்படிப் படம் காட்டினால், முதலாண்டையும் கடைசி ஆண்டையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. வடகிழக்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு சராசரியில் கால்பங்கு வரை கூடிக் குறைவது சாதாரணம், அதாவது திட்ட விலக்கம் சுமார் 110 மி.மீ. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவத்துக்கு இது பத்தில் ஒரு பங்குதான். இப்படி ஆடும் தொடரில் 30 ஆண்டுச் சராசரியே 20 மி.மீ. முன்பின் தள்ளாடும். இரண்டு 30 ஆண்டுச் சராசரிகளை ஒப்பிடும்போது, வித்தியாசம் 55 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் அது தற்செயல் அல்ல என்று சொல்லத் தொடங்கலாம். 440 மி.மீ.யில் 55 என்பது எட்டில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய மாற்றம் நடந்திருந்தாலும் இத்தரவில் நம்மால் பிரித்தறிய முடியாது. "மாற்றம் இல்லை" என்பதும் "மாற்றம் தெரியவில்லை" என்பதும் வேறு வேறு. அறிக்கை எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் பிரித்து எழுத வேண்டும்.

இயல்பு அளவும் நகர்கிறது. 2022 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பை 880.6 மி.மீ.யிலிருந்து (1961-2010) 868.6 மி.மீ.க்கு (1971-2020) மாற்றியது. மழை பல பத்தாண்டுகள் கூடி, பல பத்தாண்டுகள் குறையும் இயற்கைச் சுழற்சியில் இப்போது இருப்பது வறண்ட கட்டம் என்று அது விளக்கியது. ஆகவே "இயல்பைவிட 5% அதிகம்" என்று படிக்கும்போது, எந்த இயல்பு என்று பாருங்கள்.

படி 6: போக்கு இருக்கிறதா என்று சோதியுங்கள்

எக்செல் போடும் நேர்கோட்டைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். 2005, 2015 மாதிரி ஒன்றிரண்டு பேராண்டுகள் அந்தக் கோட்டைத் தம் பக்கம் இழுத்துவிடும். மழைக்கு ஏற்றது மான்-கெண்டல் சோதனை. பெயர்தான் பெரிது, செய்வது எளிது.

எடுத்துக்காட்டுக்கு எட்டு ஆண்டு மழை என்று இந்த எண்களை வைத்துக்கொள்வோம்: 820, 1010, 640, 930, 1180, 760, 890, 990. ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின் வரும் எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிடுங்கள். பின்னது பெரிதானால் +1, சிறிதானால் -1. முதல் எண்ணான 820-க்குப் பின் ஐந்து பெரியவை, இரண்டு சிறியவை, ஆக +3. 1010-க்கு -4, 640-க்கு +5, 930-க்கு 0, 1180-க்கு -3, 760-க்கு +2, 890-க்கு +1. மொத்தம் +4. ஒப்பீடுகள் 28. எல்லாம் ஏறுமுகமாக இருந்தால் 28 வந்திருக்கும், நமக்கு வந்தது 4. ஆக, போக்கு எதுவும் இல்லை. ஆனால் முதலாண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் பார்த்திருந்தால் 170 மி.மீ., அதாவது 21% உயர்வு என்று தலைப்புப் போட்டிருக்கலாம்!

30 ஆண்டுத் தொடரில் இந்தக் கூட்டுத்தொகை 110-ஐத் தாண்டினால் (அல்லது -110-க்குக் கீழே போனால்) போக்கு இருக்கிறது என்று கொள்ளலாம். 50 ஆண்டுக்கு அந்த எல்லை சுமார் 235. போக்கு இருந்தால் எவ்வளவு என்பதற்கு, கொல்கத்தாவில் பிறந்த புள்ளியியலாளர் பிரணாப் குமார் சென் 1968-இல் தந்த முறை இருக்கிறது. ஒவ்வோர் இணைக்கும் மழை வித்தியாசத்தை ஆண்டு வித்தியாசத்தால் வகுத்து, வரும் எண்களையெல்லாம் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். ஆண்டுக்கு இத்தனை மி.மீ. என்று கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 38 மாவட்டங்களுக்கும் நான்கு பருவங்களுக்கும் சோதித்தால் 152 சோதனைகள். மழையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், வழக்கமான 5% வரம்பில் (நூறில் ஐந்து முறை தவறலாம் என்று ஏற்கும் வரம்பு) ஏழெட்டு இடங்களில் தற்செயலாகப் போக்கு தென்படும். அந்த ஏழெட்டை மட்டும் பொறுக்கியெடுத்து வெளியிடுவது நேர்மையல்ல. அக்கம்பக்கத்து நிலையங்களும் ஒரே திசையைக் காட்டினால்தான் நம்புங்கள்.

படி 7: மொத்தத்தைத் தாண்டிப் போங்கள்

என் பார்வையில் இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆண்டு மொத்தத்தில் போக்கு எதுவும் தெரியாத இடத்திலும் மழை பெய்யும் விதம் மாறியிருக்கலாம். நாள்வாரித் தரவிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் இவற்றைக் கணக்கிட்டு, படி 6-இன் சோதனையையே செய்யுங்கள்:

மழை நாட்களின் எண்ணிக்கை (2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாள்). கனமழை நாட்கள் (64.5 மி.மீ. முதல்). ஆண்டின் மிக அதிகமான ஒரு நாள் மழை. ஆண்டு மழையில் மிகப் பெரிய ஐந்து நாட்களின் பங்கு. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் தொடர்ந்து மழையில்லாத மிக நீண்ட இடைவெளி. விதைப்புக்குப் போதுமான முதல் மழையின் தேதி. இந்தக் கடைசிக்கு உங்கள் ஊர் விவசாயிகளிடம் கேட்டு அளவு வையுங்கள். "ஒரு உழவு மழை" என்பது மண்ணுக்கு மண் வேறு, செம்மண்ணுக்குப் போதுமானது கரிசலுக்குப் போதாது.

வானிலை ஆய்வுத் துறை 1989 முதல் 2018 வரையிலான 30 ஆண்டுகளை மாநிலவாரியாக ஆராய்ந்து வெளியிட்டது. உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், மேகாலயா, நாகாலாந்து ஐந்திலும் தென்மேற்குப் பருவமழை குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கனமழை நாட்கள் கூடியிருக்கும் பகுதிகளில் வட தமிழ்நாடு இருக்கிறது. இதற்கு இயற்பியல் காரணமும் உண்டு: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் ஈரத்தைத் தாங்கும், விடும்போது மொத்தமாக விடும்.

படி 8: காரணம் சொல்வதில் அவசரப்படாதீர்கள்

வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி வங்கக்கடலில் உருவாகும் சில தாழ்வு நிலைகளைப் பொறுத்தது. ஒரு புயல் கொஞ்சம் வடக்கே ஒதுங்கினால் டெல்டாவின் ஆண்டுக் கணக்கே மாறும். இதன் மேல் எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது; குளிர்ந்தால் லா நினா) இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வும் (அந்தக் கடலின் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்பம் மாறுபடுவது) விளையாடுகின்றன. எல் நினோ நாட்டின் தென்மேற்குப் பருவத்தைக் கெடுக்கும், ஆனால் நம் வடகிழக்குப் பருவத்துக்குப் பெரும்பாலும் துணை நிற்கும். 1997, 2015 அப்படிப்பட்டவை. லா நினா நமக்கு மழையைக் குறைக்கும் என்பது பொதுவிதி, ஆனால் 2010-உம் 2021-உம் அதை மீறிக் கொட்டின.

ஆகவே உங்கள் தொடரில் எல் நினோ, லா நினா ஆண்டுகளுக்கு வேறு நிறம் கொடுத்துப் பாருங்கள். கடைசிப் பத்தாண்டில் ஒரு வகை ஆண்டுகள் அதிகம் விழுந்திருந்தால், நீங்கள் கண்ட "போக்கு" அதன் நிழலாக இருக்கலாம். மரம் வெட்டியதால் மழை குறைந்தது, காலநிலை மாற்றத்தால் கூடியது என்றெல்லாம் ஒரு நிலையத்தின் 40 ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. கிணறு வற்றியதற்கு மழையைக் காரணம் சொல்வதற்கு முன், எத்தனை ஆழ்துளைக் கிணறு கூடியது, வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மழை மாறாமலேயே கண்மாய் பெருகாமல் போன ஊர்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

படி 9: முடிவை எழுதுங்கள், பிறகு நீங்களும் அளக்கத் தொடங்குங்கள்

ஒரு நல்ல முடிவு இப்படி இருக்கும்: எந்த நிலையங்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை மாதங்கள் விடுபட்டன, எந்தப் பருவத்தில் போக்கு தெரிகிறது, எதில் தெரியவில்லை, எவ்வளவுக்குக் குறைவான மாற்றத்தை இத்தரவால் காண முடியாது. இத்தனையையும் ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். தண்ணீர்ப் பயன்படுத்துவோர் சங்கத்திலோ கிராம சபையிலோ வைக்க அது போதும்.

உங்கள் ஊரில் நிலையம் இல்லையென்றால் ஒரு சாதாரண மழைமானி வாங்கி வையுங்கள். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி, வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கும்படி நிறுத்துங்கள். மொட்டை மாடி வேண்டாம், காற்று அங்கே மழையைத் தள்ளிவிடும். தினமும் காலை 8.30-க்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள், ஊரில் இல்லாத நாளில் "அளக்கவில்லை" என்று எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகள் முறை வைத்து அளப்பார்கள். விடுமுறைக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், ஏனென்றால் அரையாண்டு விடுமுறை சரியாக மார்கழி மழை நேரத்தில் வரும்.